டி.என்.ஏ. தடுப்பூசிச் செய்தி வந்தால் எதை முதலில் பார்ப்பது?

என் சித்தப்பா கணக்குத் தணிக்கையில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்து ஓய்வு பெற்றவர். எண் என்றால் விடமாட்டார், உயிரியல் என்றால் கையை விரித்துவிடுவார். வாரத்துக்கு இரண்டு தடவையாவது ஒரு செய்தியை அனுப்பிவைத்து, கீழே ஒரு வரி போடுவார்: “ஏம்மா, புற்றுநோய்க்கு டி.என்.ஏ. தடுப்பூசி வந்துடுச்சாமே, நிஜமா?”

நான் 11 வருஷம் ஆய்வகத்தில் பிளாஸ்மிட் என்னும் டி.என்.ஏ. வளையங்களைத் தயாரித்து எலிகளுக்கு ஊசி போட்டவள். அந்தக் கேள்விக்கு ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. செய்தியில் இருப்பது பெரும்பாலும் உண்மைதான். எலிக்கு நடந்த உண்மை மனிதருக்கு நடந்த மாதிரித் தலைப்பில் ஏறி உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான். ஒவ்வொரு செய்திக்கும் தனித்தனியாகப் பதில் எழுதிச் சலித்துப்போய், நான் எந்த வரிசையில் படிக்கிறேன் என்பதை ஒருநாள் அவருக்கு நீளமாக எழுதி அனுப்பினேன். அதைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதல் வேலை, அது டி.என்.ஏ. தடுப்பூசிதானா என்று பார்ப்பது. சித்தப்பா அனுப்பியதில் பாதி எம்.ஆர்.என்.ஏ. செய்திகள். இரண்டும் வேறு. வைரஸின் அல்லது புற்றுக்கட்டியின் ஒரு புரதத்துக்கான குறிப்பை மட்டும் உடம்புக்குள் அனுப்பி, நம் செல்களையே அந்தப் புரதத்தைச் செய்யவைத்து, நோயெதிர்ப்பு மண்டலத்துக்கு அடையாளம் காட்டுவது என்ற அளவில் யோசனை ஒன்றுதான். குறிப்பு எந்த வடிவில் போகிறது என்பதில்தான் வித்தியாசம். எம்.ஆர்.என்.ஏ. செல்லின் வெளிச்சவ்வைத் தாண்டினால் போதும், உடனே வேலை ஆரம்பித்துவிடும். டி.என்.ஏ. அதற்கு மேல் உட்கருவின் சவ்வையும் தாண்டியாக வேண்டும். அங்கே போய் எம்.ஆர்.என்.ஏ.வாக நகலெடுக்கப்பட்டு, அந்த நகல் வெளியே வந்த பிறகுதான் புரதம். இன்னொரு குழப்பமும் உண்டு. அடினோவைரஸுக்குள் வைத்து அனுப்பும் கோவிட் தடுப்பூசிகளிலும் இருப்பது டி.என்.ஏ.தான், ஆனால் சுமந்துபோக வைரஸ் இருப்பதால் அவற்றை வேறு வகையில் சேர்ப்பார்கள். நாங்கள் டி.என்.ஏ. தடுப்பூசி என்று சொல்வது வெறும் பிளாஸ்மிட்டை. பாக்டீரியாவில் வளர்த்தெடுத்த ஒரு டி.என்.ஏ. வளையம்.

அந்த வளையம் எப்படி வருகிறது என்று ஒரு தடவை பார்த்துவிட்டால் செய்தியில் பாதி புரிந்துவிடும். ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் பிளாஸ்மிட்டை ஏற்றி ராத்திரி முழுக்க 37 டிகிரியில் குலுக்கி வளர்ப்போம். காலையில் கலங்கிய திரவத்தைச் சுழற்றி பாக்டீரியாவை அடியில் படியவைத்து, காரமும் சோப்பும் கலந்த கரைசல் விட்டால் எல்லாம் உடைந்து சளி மாதிரி இழுபடும். அங்கேதான் கை பொறுமையாக இருக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் அவசரத்தில் குழாயைக் குலுக்கித் தொலைத்தேன். பாக்டீரியாவின் சொந்த டி.என்.ஏ. துண்டு துண்டாகி என் பிளாஸ்மிட்டோடு கலந்துவிட்டது. பிறகு மின்சாரம் பாய்ச்சிய ஜெல்லில் ஓட்டிப் பார்த்தால், நன்றாக முறுக்கேறிய வளையம் கீழே வேகமாக ஓடி ஒரு கூரான கோடாக நிற்க வேண்டிய இடத்தில், மேலிருந்து கீழ்வரை ஒரே தீற்றல். நாலு நாள் வேலை குப்பைக்குப் போனது. ஒரு இழை வெட்டுப்பட்டாலும் வளையம் முறுக்கை இழந்து தளர்ந்துவிடும், ஜெல்லில் பின்தங்கி நிற்கும். மனிதர்களுக்குப் போடும் பிளாஸ்மிட்டில் 80 சதவீதத்துக்கு மேல் முறுக்கேறியதாக இருப்பது நல்லது என்பது அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல்.

சரி, கெடாமல் செய்துவிட்டால் டி.என்.ஏ. சாதுவான பொருள். எம்.ஆர்.என்.ஏ. மாதிரி உறைகுளிரில் வைத்துக் காக்க வேண்டியதில்லை. ‘குளிர்சாதன வசதி குறைந்த இடத்துக்கும் கொண்டுபோகலாம்’ என்று செய்தியில் வந்தால் அதை நம்பலாம். ‘மலிவு, எளிது, பாதுகாப்பானது’ என்ற மூன்று சொற்களும் 1990-களிலிருந்தே எழுதப்பட்டுவருகின்றன. அப்போதே இவ்வளவு நல்லதாக இருந்தால் ஏன் இன்னும் எல்லோர் கையிலும் வரவில்லை என்று கேட்கத் தோன்றும். தோன்றட்டும்.

அந்தக் கேள்விக்கான விடை, அடுத்துப் பார்க்க வேண்டியதில் இருக்கிறது. யாருடைய உடம்பில் நடந்தது?

1990-ல் ஜான் வுல்ஃபும் அவருடைய குழுவும் எலியின் தசையில் வெறும் பிளாஸ்மிட்டை ஊசியால் ஏற்றினார்கள். கொழுப்பில் பொதிந்த டி.என்.ஏ.வோடு ஒப்பிட வைத்திருந்த சாதாரண கரைசல்தான் அது. அதுவே நன்றாக வேலை செய்துவிட்டது. 1993-ல் ஃப்ளூ வைரஸின் உள்புரதம் ஒன்றுக்கான டி.என்.ஏ. எலிகளை வேறு வகை ஃப்ளூவிலிருந்தும் காப்பாற்றியது. துறையே குதித்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோதும் அந்தக் குதிப்பு முழுதாக அடங்கவில்லை. மின்மினியை ஒளிரவைக்கும் புரதத்தின் மரபணுவை எலியின் தொடையில் ஏற்றி, மறுநாள் இருட்டுப் பெட்டிக்குள் வைத்துப் படமெடுத்தால் தொடை மட்டும் கணினித் திரையில் சிவப்பும் மஞ்சளுமாக எரியும். முதல் தடவை பார்த்தபோது பக்கத்து அறையில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

அப்புறம் ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சித்தப்பாவுக்கும் இதே கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன். எலியின் எடை சுமார் 20 கிராம். நாங்கள் கொடுத்தது 100 மைக்ரோகிராம். 60 கிலோ மனிதர் எலியைப் போல 3,000 மடங்கு. அதே விகிதத்தில் போட்டால் 300 மில்லிகிராம் வேண்டும். மனிதச் சோதனைகளில் உண்மையில் போடுவது சில மில்லிகிராம்தான். தடுப்பூசிகளை எடைக்கு எடை கணக்கிட்டுப் போடுவதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குட்டித் தொடைக்குள் 50 மைக்ரோலிட்டர் திரவம் போனாலே அழுத்தத்தில் டி.என்.ஏ. செல்லுக்குள் பிதுங்கிப் போகும். மனிதத் தொடையில் அந்த அழுத்தம் எங்கே வரும்? 1998-ல் வெளிவந்த முதல் மனிதச் சோதனைகளில் பாதுகாப்பு நன்றாக இருந்தது, எதிர்ப்புத்திறன்தான் மந்தம்.

ஆகவே செய்தியில் ‘எலி’ என்ற சொல்லைத் தேடுங்கள். முதல் பத்தியில் இருக்காது, ஆறாவது ஏழாவது பத்தியில் இருக்கும். ‘ஆய்வக மாதிரிகளில்’, ‘முன்மருத்துவ ஆய்வில்’ என்றெல்லாம் இருந்தாலும் பெரும்பாலும் எலிதான்.

விலங்கு என்றாலே தள்ளிவிடாதீர்கள். விலங்குகளுக்கு இது ஏற்கெனவே மருந்தாகவே வந்துவிட்டது. 2005-ல் குதிரைகளுக்கு வெஸ்ட் நைல் வைரஸுக்கு எதிராக அமெரிக்காவிலும், வளர்ப்பு சால்மன் மீன்களுக்கு ஐ.எச்.என். வைரஸுக்கு எதிராக கனடாவிலும் அனுமதி கிடைத்தது. நாய்களின் வாய்ப்பகுதியில் வரும் மெலனோமா என்ற புற்றுநோய்க்கு 2007-ல் நிபந்தனையோடும் 2010-ல் முழுமையாகவும் அமெரிக்கா அனுமதித்தது. அந்த நாய் ஊசியைப் பற்றி எனக்கு எப்போதும் ஒரு சங்கடம் உண்டு. அனுமதிக்கு ஆதாரமான ஒப்பீடு, முன்பு வேறு சிகிச்சை பெற்ற நாய்களின் பழைய பதிவுகளோடு செய்யப்பட்டது. பின்னால் வந்த ஓர் ஆய்வு, ஊசி போட்ட நாய்களுக்கும் போடாதவற்றுக்கும் ஆயுளில் வித்தியாசம் காணவில்லை. இந்தப் பழைய பதிவு சமாச்சாரத்துக்குத் திரும்ப வருகிறேன்.

மனிதர்கள்தான் என்று உறுதியானால் அடுத்த கேள்வி, என்னத்தை அளந்தார்கள் என்பது. ‘வலுவான எதிர்ப்புத்திறன் உருவானது’ என்றால், ரத்தத்தில் ஆன்ட்டிபாடி என்ற எதிர்ப்புப் புரதமோ டி செல் என்ற வெள்ளை அணுவோ கூடியிருக்கிறது என்று பொருள். நோய் வரவில்லை என்று பொருளில்லை. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு பெரிய பள்ளம் இருக்கலாம் என்பதற்கு எச்.வி.டி.என். 505 என்ற எச்.ஐ.வி. சோதனை நல்ல உதாரணம். 2,504 பேர். முதலில் டி.என்.ஏ. ஊசிகள், கடைசியில் அடினோவைரஸ் ஊசி ஒன்று. ரத்தத்தில் எதிர்ப்புத்திறன் தெரிந்தது. ஆனால் தொற்று குறையவில்லை, 2013 ஏப்ரலில் ஊசி போடுவதை நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு எங்கள் ஆய்வகத்தில் யாரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

நோயையே எண்ணிப் பார்த்த செய்தி எப்படி இருக்கும் என்பதற்கு சைகோவ்-டி. கோவிட்டுக்கு எதிராக சைடஸ் நிறுவனம் செய்தது, 2021 ஆகஸ்டில் இந்தியாவில் அவசரகால அனுமதி பெற்றது. மனிதர்களுக்கு அனுமதி கிடைத்த முதல் டி.என்.ஏ. தடுப்பூசி அதுதான். ஏறக்குறைய 28,000 பேர், அதில் பாதிப் பேருக்கு மருந்தில்லாத போலி ஊசி. இடைக்கால அறிக்கையில் கோவிட் வந்தவர்கள் 81 பேர். அதில் தடுப்பூசி போட்டவர்கள் 20, போலி ஊசிக்காரர்கள் 61. இப்படி 20, 61 என்று பக்கத்தில் பக்கத்தில் இரண்டு எண் கிடைத்தால் அந்தச் செய்தியை மரியாதையோடு படிக்கலாம். 66.6 சதவீதப் பாதுகாப்பு என்ற எண் அங்கிருந்துதான் வந்தது. எம்.ஆர்.என்.ஏ. ஊசிகளின் முதல் சோதனைகளில் வந்த எண்களைவிடக் குறைவு. அவற்றுக்கு இரண்டு தவணை, இதற்கு நாலு வார இடைவெளியில் மூன்று. ஆனால் 2-லிருந்து 8 டிகிரி வரையுள்ள சாதாரண குளிர்பெட்டி போதும், 25 டிகிரியிலும் மூன்று மாதம் தாங்கும்.

அதை ஏற்றிய விதத்தையும் கவனியுங்கள். ஊசி முனையே கிடையாது. ஒரு கருவி திரவத்தை மெல்லிய தாரையாகப் பீய்ச்சித் தோலுக்குள் செலுத்தும். டி.என்.ஏ. செய்தியில் கருவியைப் பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. எலித் தொடையின் அழுத்தம் மனிதரிடம் இல்லாததை ஈடுகட்டுவது கருவிதான். இன்னொரு வழி எலக்ட்ரோபோரேஷன். ஊசி போட்ட இடத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக மின்துடிப்பு கொடுத்தால் செல் சவ்வுகளில் கண நேரத்துக்குத் துளைகள் திறக்கும், டி.என்.ஏ. உள்ளே போகும். விலங்குகளில் புரத உற்பத்தி பல மடங்கு கூடுகிறது. சுருக்கென்று தசை ஒரு துள்ளு துள்ளும், பலர் பொறுத்துக்கொள்கிறார்கள். கோடிக்கணக்கானவர்களுக்கு வரிசையில் நிற்கவைத்துப் போட இது தோதுப்படுமா என்பது வேறு விஷயம். புற்றுநோயாளிக்கு நாலைந்து தடவை என்றால் கஷ்டமில்லை. இந்தத் துறை மெல்ல மெல்லப் புற்றுநோய்ப் பக்கம் சாய்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொரு காரணம் டி செல். புரதம் செல்லுக்கு உள்ளேயே உருவாவதால் அதன் துணுக்குகள் செல்லின் மேற்பரப்பில் காட்சிக்கு வைக்கப்படும், கொல்லும் டி செல்கள் அதைப் பார்த்துப் பழகும். ஏற்கெனவே வந்துவிட்ட தொற்றையும் கட்டியையும் அடிக்க அவைதான் வேண்டும். அதனால் புற்றுநோய்ச் செய்தியில் ‘தடுப்பூசி’ என்றிருந்தாலும் பெரும்பாலும் அது தடுக்கும் ஊசி இல்லை, சிகிச்சை ஊசி. கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் வைரஸ் எச்.பி.வி. இப்போது போடும் எச்.பி.வி. தடுப்பூசி அந்த வைரஸ் நுழையாமல் தடுக்கும், ஏற்கெனவே குடியேறிய வைரஸை வெளியேற்றாது. அந்தக் குறையைத்தான் வி.ஜி.எக்ஸ்.-3100 என்ற டி.என்.ஏ. ஊசி நிரப்பப் பார்த்தது.

இனி சித்தப்பாவின் ஏரியா. இரண்டு சோதனைகளை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

ஒன்று, 2015-ல் வெளிவந்த வி.ஜி.எக்ஸ்.-3100 சோதனை. கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உள்ள பெண்கள். ஊசி போட்ட 107 பேரில் 53 பேருக்கு, அதாவது 49.5 சதவீதம் பேருக்கு, அந்த மாற்றம் தணிந்தது. இதை மட்டும் செய்தியில் படித்தால் பாதிப் பேர் குணம் என்று தோன்றும். போலி ஊசி போட்ட 36 பேரில் 11 பேருக்கும் தானாகவே தணிந்தது. 30.6 சதவீதம்.

இன்னொன்று, 2024-ல் வெளிவந்த கல்லீரல் புற்றுநோய்ச் சோதனை, ஜி.என்.ஓ.எஸ்.-பி.வி.02. ஒவ்வொரு நோயாளியின் கட்டியிலும் உள்ள மரபணு மாற்றங்களைப் படித்து, அதிகபட்சம் 40 மாற்றங்களை ஒரு பிளாஸ்மிட்டில் கோத்து, அவரவருக்கென்றே செய்த ஊசி. கூடவே பெம்ப்ரோலிசுமாப் என்ற எதிர்ப்புத்திறன் மருந்து. 36 பேரில் 11 பேருக்குக் கட்டி சுருங்கியது, அதில் மூன்று பேருக்கு முழுதாக மறைந்தது. 30.6 சதவீதம்.

அதே 36, அதே 11. ஒரு இடத்தில் அது மருந்தே இல்லாத வரிசை, இன்னொரு இடத்தில் தலைப்புச் செய்தி. நோய் வேறு, தற்செயலான பொருத்தம்தான். கல்லீரல் புற்று தானாகச் சுருங்குவது மிக அபூர்வம், அதனால் அந்த 11 பேர் உண்மையிலேயே கவனிக்கத்தக்கவர்கள். ஆனால் அந்தச் சோதனையில் ஒப்பிட இரண்டாவது வரிசை இல்லை. பெம்ப்ரோலிசுமாப் மட்டும் கொடுத்த பழைய சோதனைகளில் 17, 18 சதவீதம் பேருக்குச் சுருங்கியது என்பதோடு ஒப்பிடுகிறார்கள். நாய்க் கதையில் சொன்ன பழைய பதிவு இதுதான். பொய் இல்லை, ஆனால் பென்சிலால் எழுதிய கணக்கு. பேனாவால் எழுத அடுத்த கட்டச் சோதனை வர வேண்டும்.

வி.ஜி.எக்ஸ்.-3100-க்கு அந்த அடுத்த கட்டம் வந்தது. மூன்றாம் கட்டத்தின் இரண்டாவது சோதனையில் அவர்கள் முதன்மையாகக் குறித்துவைத்த பெண்கள் குழுவில் இலக்கு எட்டப்படவில்லை என்று 2023-ல் நிறுவனமே அறிவித்தது. 2015-ல் வந்த தலைப்புகளை ஞாபகம் வைத்திருப்பவர்கள் 2023 அறிவிப்பைப் படித்திருக்க மாட்டார்கள். அதனால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மருந்தின் பெயரோடு இந்த வருஷத்தையும் சேர்த்து ஒரு தடவை தேடுங்கள்.

ஒப்பீட்டு வரிசை இல்லாததெல்லாம் வீண் என்றும் நினைக்க வேண்டாம். குரல்வளையில் எச்.பி.வி.யால் மருக்கள் திரும்பத் திரும்ப முளைக்கும் ஒரு நோய் உண்டு, வெட்டி எடுப்பதே வாழ்க்கையாகிவிடும். ஐ.என்.ஓ.-3107 என்ற டி.என்.ஏ. ஊசி போட்ட 32 பேரில் 26 பேருக்கு, முந்தைய வருஷத்தைவிட அடுத்த வருஷம் அறுவை சிகிச்சைகள் குறைந்தன. நோயாளியே தனக்கு ஒப்பீடு. அறுவை சிகிச்சையை எண்ணுவதில் ஏமாற அதிகம் இடமில்லை. சிறிய சோதனைதான், ஆனாலும் இந்த வகைச் செய்தியை நான் ஆசையோடு படிப்பேன்.

‘டி.என்.ஏ. ஊசி நம் மரபணுவையே மாற்றிவிடும்’ என்று இன்னொரு பக்கத்திலிருந்து வரும் செய்திக்கு என் பதில் சின்னது. பிளாஸ்மிட் உட்கருவுக்குள் போவது உண்மை. அங்கே தனி வளையமாகவே கிடக்கும், நம் குரோமோசோமில் ஒட்டிக்கொள்ளும் கருவி எதுவும் அதில் இல்லை. தற்செயலாக ஒட்டலாமே என்று எலிகளில் தேடிப் பார்த்தார்கள். ஒட்டியதாகவே வைத்துக்கொண்டாலும், இயற்கையாக நடக்கும் மரபணுப் பிழைகளைவிட ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்று கண்டார்கள். இதைச் சோதித்துக் காட்டச் சொல்வது ஒழுங்குமுறையின் ஒரு பகுதி.

வீட்டில் ஒருவருக்கு நோய் இருந்து, இந்தச் செய்தி கையில் கிடைத்தால் என்ன செய்வது? கட்டுரையில் என்.சி.டி. என்று தொடங்கி எட்டு இலக்கங்களோடு ஒரு பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். கிளினிக்கல் டிரையல்ஸ் டாட் கவ் தளத்தில் அதைப் போட்டால் எந்தக் கட்டம், எத்தனை பேர், இன்னும் ஆள் சேர்க்கிறார்களா என்பது தெரியும். அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு சிகிச்சை தரும் மருத்துவரிடம் போங்கள். இப்போது நடக்கும் சிகிச்சையோடு சேர்த்துத் தருவதா, அதை நிறுத்திவிட்டுத் தருவதா என்று முதலில் கேளுங்கள். பதில் இரண்டாவது என்றால் நிதானியுங்கள். கட்டியிலிருந்து எத்தனை தடவை துண்டு எடுப்பார்கள், ஊசி தயாராக எத்தனை வாரம் ஆகும், அதுவரை நோய்க்கு என்ன சிகிச்சை, பாதியில் விலகலாமா, ஏதாவது ஆனால் செலவு யாருடையது என்பதெல்லாம் கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை. பதிவு எண் எதுவும் இல்லாமல், பணம் கட்டினால் டி.என்.ஏ. ஊசி போடுகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

இவ்வளவையும் எழுதி அனுப்பி மூன்று நாள் சித்தப்பாவிடமிருந்து சத்தமே இல்லை. நாலாம் நாள் காலையில் கூப்பிட்டார். மூலக் கட்டுரையின் சுருக்கத்தைத் தேடிப் பிடித்துவிட்டார் போல.

“ஏம்மா, 2015 சோதனையில சேர்ந்தவங்க 167 பேர்னு போட்டிருக்கு. நீ சொன்ன 107-ம் 36-ம் கூட்டினா 143 தானே வருது. மீதி 24 பேர் எங்கே?”

அதை நான் எழுத விட்டிருந்தேன். 125 பேரை ஊசிக்கும் 42 பேரைப் போலி ஊசிக்கும் குலுக்கிப் பிரித்திருந்தார்கள். 107-ம் 36-ம், எல்லாத் தவணையும் விதிப்படி முடித்தவர்களை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு. கொஞ்சம் தளர்த்தி, இன்னும் சிலரையும் சேர்த்த கணக்கும் அதே கட்டுரையில் உண்டு: 114-ல் 55, 40-ல் 12.

“48, 30” என்றார் சித்தப்பா, காகிதம் இல்லாமலே. “அதையும் சேர்த்தா 154. இன்னும் 13 பேர் பாக்கி.”